இயேசு, பவுல், யாக்கோபு: ஒழுக்கப் போதனைகளை ஒப்பிட்டு எழுதும் முறை

"இயேசு அன்பைப் போதித்தார், பவுல் விசுவாசத்தைப் போதித்தார், யாக்கோபு கிரியையைப் போதித்தார்." புதிய ஏற்பாட்டுத் தேர்வுத் தாளில் 'ஒப்பிடுக' என்று கேட்டதும் பல விடைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆளுக்கொரு சொல்லைப் பங்கு வைத்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது, மூன்று தனிக் கட்டுரைகள்தான் வரும். அந்த வாக்கியமே தவறும்கூட. "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியர் 5:6இல் எழுதியவர் பவுல். "கர்த்தாவே, கர்த்தாவே" என்று கூப்பிட்டால் போதாது, பிதாவின் சித்தத்தைச் செய்ய வேண்டும் என்று மத்தேயு 7:21இல் சொல்பவர் இயேசு.

அதனால் ஆளை வைத்துப் பிரிக்காமல் ஒரே கேள்வியை மூவரிடமும் கொண்டுபோங்கள். பிறன் யார்? மணவிலக்கு ஆகுமா? ஒருவர் நீதிமானாவது எப்படி? விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணலாமா? இப்படி நான்கு கேள்விகள் கைவசம் இருந்தால், எந்தக் கோணத்தில் கேட்டாலும் விடையைக் கட்டிவிடலாம்.

வாசிப்பின் அளவு பயப்படும்படி இல்லை. மலைப்பிரசங்கம் (மத்தேயு 5–7) 111 வசனம், யாக்கோபு நிருபம் (கடிதம்) முழுவதும் 108 வசனம். இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்து வாசியுங்கள். யாக்கோபு 5:12 சத்தியம் பண்ணாதிருக்கச் சொல்வது மத்தேயு 5:34–37ஐ அப்படியே எதிரொலிப்பதும், 1:22 "கேட்கிறவர்களாய்மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்பது மணலில் வீடு கட்டியவன் உவமைக்குப் பக்கத்தில் நிற்பதும் தானாகத் தெரியும். ஆனால் இயேசுவின் பெயர் யாக்கோபில் இரண்டே இடத்தில்தான் வருகிறது (1:1, 2:1). 'ஆண்டவர் சொன்னார்' என்று அவர் எங்கும் மேற்கோள் காட்டுவதில்லை. பவுலுக்கு ரோமர் 3–4, 12–14, கலாத்தியர் 2, 5–6, 1 கொரிந்தியர் 7–10 போதும். ஐயத்துக்கு இடமின்றிப் பவுலுடையவை என ஏற்கப்படும் ஏழு நிருபங்களில் மூன்று இவை. எபேசியர், 1 தீமோத்தேயு ஆகியவற்றிலிருந்து 'பவுலின் கருத்து' என்று எடுத்து எழுதினால், அவற்றின் ஆசிரியர் யார் என்பது விவாதத்தில் உள்ளது என்று ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். யாக்கோபு நிருபத்துக்கும் அதே எச்சரிக்கை உண்டு. எழுதியவர் கி.பி. 62இல் எருசலேமில் கொல்லப்பட்ட, ஆண்டவரின் சகோதரரான யாக்கோபுதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை.

முதல் கேள்வியே மிக வளமானது. "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்ற லேவியராகமம் 19:18ஐ மூவருமே எடுக்கிறார்கள்: மாற்கு 12:31, ரோமர் 13:9, கலாத்தியர் 5:14, யாக்கோபு 2:8. ஒற்றுமையை ஒரு வரியில் முடித்துவிட்டு, எந்தச் சூழலில் எடுத்தார்கள் என்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். இயேசு அதை உபாகமம் 6:5உடன் சேர்த்து வைக்கிறார், மத்தேயு 5:44இல் பகைவர் வரைக்கும் நீட்டுகிறார். பவுலின் கலாத்தியர் 5:14க்கு அடுத்த வசனமே "ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால்" என்று போகிறது. சபைக்குள் நடந்த சண்டைக்கான மருந்தாகத்தான் அவர் அந்தக் கட்டளையைக் கொண்டுவருகிறார். யாக்கோபுக்கு முன்னால் நிற்பது பொன்மோதிரம் போட்டுக்கொண்டு ஆலயத்துக்குள் வரும் பணக்காரனும் அழுக்கு வஸ்திரத்தோடு வரும் ஏழையும். முகதாட்சிணியத்தைக் கண்டிக்கவே அவர் இந்த வசனத்தை எடுக்கிறார். லேவியராகமத்தைத் திறந்தால், முகம் பார்த்துத் தீர்ப்புச் செய்யாதே என்ற கட்டளை மூன்று வசனம் முன்னால், 19:15இல் இருக்கிறது. இந்த இணைப்பைக் காட்டும் விடை தனித்து நிற்கும்.

மணவிலக்கில் மூலங்களே வேறுபடுகின்றன. மாற்கு 10:11–12 விதிவிலக்கில்லாத தடை. மத்தேயு 5:32உம் 19:9உம் வேசித்தனம் என்ற ஒரு விதிவிலக்கு தருகின்றன. ஆகவே 'இயேசு சொன்னார்' என்பதோடு 'மாற்கின்படி', 'மத்தேயுவின்படி' என்றும் சேர்த்து எழுதுங்கள். பவுல் இங்கே மிகக் கவனமாக இருக்கிறார். 1 கொரிந்தியர் 7:10இல் நான் அல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறார் என்கிறார். 7:12இல் கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறேன் என்கிறார். அவிசுவாசியான துணை பிரிந்து போனால் போகட்டும் என்ற 7:15, இயேசுவுக்கு முன் வராத ஒரு கலப்பு மணச் சிக்கலுக்கான விடை. யாக்கோபோ இதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒப்பீட்டு அட்டவணை போடும்போது கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று "விபசாரரே, விபசாரிகளே" என்ற 4:4ஐ அங்கே எழுதிவிடுபவர்கள் உண்டு. அது உலக சிநேகத்தைக் குறிக்கும் உருவகம், மணவாழ்க்கை பற்றியதல்ல. கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

நீதிமானாக்கப்படுதல்தான் எல்லோரும் எதிர்பார்க்கும் பகுதி, எல்லோரும் சறுக்குவதும் இங்கேதான். மனிதன் நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்ற ரோமர் 3:28ஐயும், விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்ற யாக்கோபு 2:24ஐயும் அருகருகே வைத்து 'முரண்' என்று எழுதிவிட்டால் பாதி வேலை கூட ஆகவில்லை. இருவரும் ஆபிரகாமையும், அவர் விசுவாசித்தது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6ஐயும் எடுக்கிறார்கள். பவுல் அது விருத்தசேதனத்துக்கு முன்பே நடந்தது என்று வரிசையைப் பிடிக்கிறார், ஏனெனில் விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. யாக்கோபு 22ஆம் அதிகாரத்து ஈசாக்கின் பலியிலிருந்து திரும்பிப் பார்க்கிறார். பவுல் மறுப்பது 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகளை'. அவர் பேசுவது புறஜாதியார் (யூதரல்லாதவர்) விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற சண்டையின் நடுவில். யாக்கோபு அந்தச் சொற்றொடரையே பயன்படுத்துவதில்லை. அவருடைய கிரியை, உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவருக்குக் கொடுப்பது (2:15–16). விசுவாசம் என்ற சொல்லும் மாறுகிறது. 2:19இல் பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, பவுலின் விசுவாசத்தைப் பிசாசுக்குப் பொருத்த முடியாது. 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் வருவது யாக்கோபு 2:24இல் மட்டுமே, அதுவும் மறுப்பாக. ரோமர் 3:28இல் 'மட்டும்' என்பது 1522இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்த சொல்.

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தொல்லை. பழைய திருப்புதலில் விசுவாசம், கிரியை, நியாயப்பிரமாணம், நீதிமான் என்பவை பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, செயல், திருச்சட்டம், ஏற்புடையவர் என்று வரும். பத்திக்குப் பத்தி மாற்றி எழுதினால் பவுலும் யாக்கோபும் வெவ்வேறு சொற்களில் பேசுவதாகத் தோன்றிவிடும். அவர்கள் ஒரே கிரேக்கச் சொல்லை வெவ்வேறு பொருளில் கையாள்வதுதான் வாதத்தின் உயிரே. ஒரு பதிப்பைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

படைத்த உணவு பற்றிய கேள்வியைச் சுருக்கமாக வைக்கலாம். அப்போஸ்தலர் 15:20இல், எருசலேமில் கூடிய கூட்டத்தில், புறஜாதியார் விலக்க வேண்டிய நான்கில் ஒன்றாக ஆண்டவரின் சகோதரரான யாக்கோபு அதைச் சொல்கிறார். பவுலோ 1 கொரிந்தியர் 10:25இல் கடையில் விற்கும் எதையும் விசாரியாமல் உண்ணச் சொல்லி, பலவீனமான சகோதரன் இடறினால் மட்டும் நிறுத்துகிறார் (8:13). எருசலேம் தீர்மானத்தை அவர் அங்கே குறிப்பிடுவதே இல்லை. எருசலேம் சந்திப்பைப் பற்றிக் கலாத்தியர் 2:10இல் அவர் சொல்வது, தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படி மட்டுமே கேட்டுக்கொண்டார்கள் என்று. விடையில் இந்த வசனங்களை அடுத்தடுத்து வைத்து, இடைவெளியைச் சுட்டிக்காட்டுங்கள். அதை நிரப்பப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம்.