மகன் நறுக்கிய கன்செர்ட்டோ

மொசார்ட் 1781 மார்ச் 16 அன்று வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். ஐந்தே நாளில், மார்ச் 21 என்று தேதி போட்டு, ஹார்ன் என்ற பித்தளை ஊதுகுழலுக்கு ஒரு ரோண்டோ எழுதியிருக்கிறார்; முதல் மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம் அது. ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் கன்செர்ட்டோவாக, அதற்கு முன்னால் வர வேண்டியது என்று கருதப்படும் முதல் பகுதியும் உண்டு. மொசார்ட் படைப்புகளுக்கு எண் போடும் கோஷெல் பட்டியலில் முதல் பகுதி 370பி, ரோண்டோ 371. இரண்டுமே அரைகுறை. எங்கள் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் இதை ஒட்டுப்போட்டு வாசிக்கலாமே என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் பகுதியின் கதை வயிற்றெரிச்சல். 1856-ல், மொசார்ட் பிறந்த நூற்றாண்டுக்கு, அவருடைய மகனே, கார்ல் என்பவர், அந்தக் கையெழுத்துப் பிரதியை நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டார். பிரசாதம் மாதிரி! பக்திதான், ஆனால் சில துண்டுகள் போனது போனதுதான்.

அந்த இடைவெளிகளை நிரப்ப உட்கார்ந்தேன். முதல் முயற்சி எனக்கே பிடித்திருந்தது. அப்புறம் வால்வு இல்லாத ஹார்ன் ஒன்றை இரவல் வாங்கி ஊதிப் பார்த்தேன், மானம் போயிற்று. அந்தக் காலத்துக் குழலில் கீழே ஸ, ப, ஸ என்றுதான் இயல்பாக வரும். மேலே போகப் போகத்தான் ஸ்வரங்கள் நெருங்கும். நடுவில் உள்ளதை எடுக்க, வலது கையைக் குழலின் அகன்ற வாய்க்குள் விட்டு அடைக்க வேண்டும்; ஒலி மூக்கடைத்ததுபோல் வரும். நான் கீழ் ஸ்தாயியில் ஒரு 'த' எழுதி, அதில் நின்று நீட்ட வேறு சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, குழல் தருவதை மட்டும் வைத்து எழுதினேன். அதன் பிறகுதான் மொசார்ட் ஏன் அந்தந்த இடத்தில் ஏறினார் என்றே புரிந்தது.

ரோண்டோவில் ஹார்ன் வரிக்குப் பஞ்சமில்லை. மற்ற வாத்தியங்களுக்குத்தான் பல இடங்களில் வெற்றுக் கோடு. இரண்டாம் வயலின், வயோலா, ஓபோ என்று நிரப்பியதில் மூன்று மாதம் ஓடியது.

முதல் ரிஹர்சலில் பாதியிலேயே ஒரே கலவரம். ரோண்டோவின் நடுவிலிருந்த 60 பார்கள் (தாளக் கட்டங்கள்) தனித்தாளாகத் தொலைந்து, சுமார் 1990-ல்தான் வெளிவந்தன. அதற்கு முன் அச்சான பிரதி ஒன்று செல்லோக்காரரிடம் வீட்டில் இருந்திருக்கிறது. பழக்கமானது என்று அதையே கொண்டுவந்துவிட்டார். நாங்கள் நடுவில் இருக்க, அவர் முடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

கச்சேரியில் நான் நிரப்பிய பார்கள் சுத்தமாக வந்தன. பிசிறியது ஒரே ஒரு ஸ்வரம். அது மொசார்ட் எழுதியது.