டா நாங் மாலை வகுப்பு: 'எ', 'தி' நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

வியட்நாமின் டா நாங் நகரில் புது ஆங்கில வகுப்பு. பாதிப் பேர் ஹோட்டல் வேலையில் இருக்கிறார்கள். "ஐ ஆம் ரிசப்ஷனிஸ்ட்", "ஐ ஆம் டிரைவர்" என்றுதான் எல்லாரும் அறிமுகம் செய்துகொண்டார்கள், 'எ' யாருக்கும் வரவில்லை. வியட்நாமிய மொழியில் தொழிலைச் சொல்ல வெறும் பெயர்ச்சொல் போதும், தமிழில் "நான் ஆசிரியர்" என்பதுபோல. இதைப் பழக்கிவிடலாம். 'தி'தான் கஷ்டம்.

மார்ச் 6, புதன்

"இவர்கள் மொழியில் ஆர்ட்டிகிளே ('எ', 'தி' போன்ற சொற்களே) இல்லை, அதனால் புரியாது" என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வியட்நாமிய மொழியில் 'மெயோ' என்றால் பூனை, 'மோட்' என்றால் ஒன்று. பூனைகள் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்ல வெறும் 'மெயோ'. ஏதோ ஒரு பூனை என்றால் 'மோட் கொன் மெயோ'. 'மோட்'டை விட்டு 'கொன் மெயோ' என்றால், பெரும்பாலும் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த பூனை. 'கொன்' விலங்குகளுக்கு வரும் வகைச்சொல், அதாவது பெயருக்கு முன்னால் நின்று அது எந்த வகை என்று காட்டும் சொல். நாற்காலி போன்ற பொருள்களுக்கு 'காய்'. ஆங்கிலத்தில் 'கேட்ஸ்', 'எ கேட்', 'தி கேட்' என்று பிரிகிற அதே மூன்றும் இங்கே இருக்கின்றன. நாம்கூட "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" என்று ஓர் உருபை வைத்தே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறோம்.

மூன்றையும் பலகையில் எழுதினேன். "அப்படியென்றால் 'கொன்' வரும் இடத்திலெல்லாம் 'தி' போடலாமா?" என்று ஒரு பெண் உடனே கேட்டார். நல்ல கேள்வி. எண்ணுக்குப் பிறகும் 'கொன்' வரும்: 'ஹாய் கொன் மெயோ', இரண்டு பூனைகள். அதற்கு 'தி' தேவையில்லை. தண்ணீர், அரிசி போன்றவற்றுக்குப் பொதுவாக வகைச்சொல் வராது. அங்கே இந்த வழி உதவாது. ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மார்ச் 11, திங்கள்

'டூ புக்', 'மெனி கெஸ்ட்' என்று கடைசியில் பன்மை 'ஸ்' இல்லாமலே சொல்கிறார்கள். எண்ணே பன்மையைச் சொல்லிவிடும்போது பெயர்ச்சொல்லை மாற்றும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. வியட்நாமியச் சொல் எதுவும் 'ஸ்' ஒலியில் முடிவதும் இல்லை. எழுதும்போது சரியாகப் போடுகிறவர்கூடப் பேசும்போது விழுங்கிவிடுகிறார். இன்று முழுக்க வாய்ப்பயிற்சிதான்.

மார்ச் 13, புதன்

"ஆல்மோஸ்ட் டூரிஸ்ட்ஸ் லைக் சீஃபுட்." வியட்நாமியர் பேச்சில் நான் அதிகம் கேட்கும் பிழை இது. 'பெரும்பாலான' என்று பொருள்படும் 'ஹௌ ஹெட்' என்ற ஒரே சொல்லுக்கு 'மோஸ்ட்', 'ஆல்மோஸ்ட்' இரண்டையும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். 'ஆல்மோஸ்ட்' வந்தால் பின்னால் 'ஆல்' வர வேண்டும், இல்லையென்றால் 'மோஸ்ட்' போதும் என்றேன். அப்புறம் அவர்களே ஒருவரையொருவர் திருத்த ஆரம்பித்தார்கள்.

மார்ச் 15, வெள்ளி

ஊர் வரைபடத்தை வைத்து வழி சொல்லும் பயிற்சி. 'தி ஹான் ரிவர்', 'தி மார்பிள் மவுன்டன்ஸ்'. ஆனால் மீ கே பீச்சுக்கு 'தி' கிடையாது. ஆறுகளின் பெயருக்கும் பன்மையில் வரும் மலைப் பெயருக்கும் 'தி' வரும் என்று விதி சொல்லலாம், ஆனால் தினமும் விருந்தினருக்குச் சொல்லும் பெயர்களாக வாயில் பழகுவதே நிலைக்கும் என்று நினைக்கிறேன். ரிசப்ஷனிஸ்ட் ஒருவர், "கிராஸ் தி பிரிட்ஜ். யூ வில் சீ எ கஃபே. தி பஸ் ஸ்டாப் இஸ் பிஹைண்ட் தி கஃபே" என்று தயங்காமல் சொன்னார். முதலில் 'எ', அடுத்த வாக்கியத்தில் 'தி'. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் 'ஈச்', 'எவ்ரி'. 'எவ்ரி பீப்பிள்' என்று இப்போதே இரண்டு பேர் சொல்கிறார்கள், அதிலிருந்தே தொடங்கலாம்.