நின்றால் ஏறும் முள்

மலையேறினால் வண்டி சூடாகும் என்பார்கள். என் கார் ஏறும்போது சாதுவாகத்தான் இருந்தது, நின்றபோதுதான் சூடானது. இந்த வித்தியாசம் என் மண்டையில் உறைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது.

முதல் தடவை, சாலைப் பணிக்காக வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்த இடம். எஞ்சின் ஓடியபடியே பத்து நிமிடம் நின்றோம். வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டியது. வரிசை நகர்ந்து வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டது. "பார், தானாகச் சரியாகிவிட்டது" என்றேன். தங்கை பதில் சொல்லவில்லை.

இரண்டாவது நிறுத்தத்தில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தேன். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு இப்படிக் காருக்குள் வந்துவிடும். தங்கைக்கு அது சித்திரவதை. ஆனால் முள் அங்கேயே நின்றது. அகலமான ஓரம் கிடைக்கும்வரை அது போதுமானதாக இருந்தது.

எஞ்சினை அணைத்து பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியை வெளியிலிருந்து பார்த்தாலே அளவு தெரியும்; சரியாகவே இருந்தது. ஒழுக்கும் இல்லை. அப்போதுதான் பொறி தட்டியது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலை முழுக்க விசிறியின் தலையில். பல கார்களில் கூலன்ட் ஏறத்தாழ 95 முதல் 105 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அது சுழலத் தொடங்கும். நான் அந்த ஓசையைக் காலையிலிருந்து கேட்கவே இல்லை.

சூடு தணிந்ததும் எஞ்சினை இயக்கி ஏசியைப் போட்டேன். என் காரில் ஏசி போட்டாலே, எஞ்சின் சூடாக இல்லாவிட்டாலும், விசிறி ஓட வேண்டும். ஓடவில்லை. ஆகவே வெப்ப உணரியின்மேல் மட்டும் பழிபோட முடியாது. மிச்சமிருப்பவை ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை விசிறிக்கு விடும் சுவிட்ச்), வயர், மோட்டார்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். 30 ஆம்பியர் ஃபியூஸ் முழுசாக இருந்தது. விசிறியின் ரிலேயும் ஹாரனின் ரிலேயும் என் காரில் ஒரே எண் கொண்டவை. கால்களின் அமைப்பும் ஒன்றே. இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். எஞ்சினை இயக்கி ஏசியைப் போட்டும் விசிறி அசையவில்லை. ஆனால் தங்கை ஹாரனை அழுத்தியதும் மலையே அதிர்ந்தது. முன்னால் நின்ற லாரிக்காரர் திரும்பி முறைத்தார். விசிறியின் ரிலே நலம் என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

எஞ்சினை மறுபடி அணைத்து, பேட்டரியின் எதிர்மின் வயரைக் கழற்றினேன். எஞ்சின் அணைந்திருந்தாலும் சில கார்களில் விசிறி திடீரென்று சுழலும், விரல் போய்விடும். பிறகு மோட்டாருக்குப் போகும் கனெக்டரை இழுத்தேன். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்தபோது பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, ஒரு முனை கருகிப்போய் வந்தது. கரியைச் சுரண்டி, பின்னைச் சற்று நெருக்கிச் செருகினேன். பேட்டரியை இணைத்து மீண்டும் ஏசி. விசிறி முனகிக்கொண்டு சுழன்றது.

ஏசி போட்டபடியே மெதுவாகக் கீழிறங்கினோம். அடிவாரத்து மெக்கானிக்கிடம் கனெக்டரை மட்டும் மாற்றச் சொன்னேன். அவர் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து காட்டினார்: இருக்க வேண்டியதைவிட அதிகம். பேரிங் தேய்ந்து இறுகிய மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுத்திருக்கிறது; தளர்ந்த முனையில் அது சூடாக மாறிக் கனெக்டரை உருக்கியிருக்கிறது. ஃபியூஸ் எரியும் அளவை எட்டாததால் ஃபியூஸ் பிழைத்துக்கொண்டது. கனெக்டரை மட்டும் மாற்றியிருந்தால், "இன்னொரு தடவை இதே மலையில் நிற்பீர்கள்" என்றார். இரண்டையும் மாற்றினோம்.

மறுநாள் மீண்டும் ஏறினோம். உச்சியில் மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பயணத்தில் தெளிவாக விழுந்த படம் கருகிய கனெக்டருடையது மட்டும்தான்.