ஆத்தா வெச்ச மரம் கொட்டையில் வராது

வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளில் மரங்களுக்குத் தனித்தனியாகப் பேர் இருக்கும். கிணத்தடி மரம், கொட்டாய் மரம், ஆத்தா வெச்ச மரம். தோப்பு முழுக்க மல்கோவாதான் என்றாலும், கொட்டாய் மரத்துப் பழம் மட்டும் கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்குத் தனிப் பையில் போகும். 2018-ல் எட்டுவழிச் சாலைக்காகச் சேலத்துப் பக்கம் நிலம் அளந்தபோது, மரத்துக்கு இவ்வளவு என்று இழப்பீடு பேச முடிந்தது. அந்த ஒரு மரத்துக்குப் பதில் எந்த மரம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்ட மரம் நுனிக் கிளையிலிருந்து காயத் தொடங்கியதும், கடைசிக் காய்ப்பில் நாலு கொட்டையை எடுத்து ஊன்றி வைப்பார்கள். மனசுக்கு ஆறுதல்தான், ஆனால் அந்த மரம் திரும்ப வராது. மல்கோவா, பெங்களூரா, இமாம்பசந்து எல்லாம் கொட்டைக்குள் ஒரே ஒரு கரு உள்ள ரகங்கள். அந்தக் கருவில் பக்கத்து மரத்து மகரந்தமும் கலந்திருக்கும். பல வருஷம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து முதல் பழத்தைக் கடித்தால், நாரும் புளிப்புமாகக்கூட இருக்கலாம். (மேலே ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சு இதற்கு நேர்மாறு. அதன் விதையில் தாய் மரத்துத் திசுவிலிருந்தே பல கருக்கள் உண்டாவதால், விதைக்கன்று பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும்.)

இந்த மா ரகங்களில் அதே மரம் வேண்டுமானால் ஒட்டு கட்டுவதுதான் நடைமுறையில் வழி. தாய் மரத்துக் குச்சியே வேறொரு வேரில் நின்று வளர்கிறது. குச்சி தன் வயதையும் கூடவே கொண்டுவருவதால் மூன்று நான்கு வருஷத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். பழத்தின் ருசி, மணம், பூக்கும் பருவம் எல்லாம் வரும். மண்ணும் தண்ணீரும் மாறினால் இனிப்பு கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். வராதது மரத்தின் உருவம். ஊஞ்சல் கட்டிய கிளையும் கிணற்றுப் பக்கம் சாய்ந்த தண்டும் அந்த மரத்தோடு முடிந்துவிடும். அதுதான் வேண்டும் என்கிறவர்கள் இருக்கிற மரத்தையே காப்பாற்ற வேண்டும். அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் போடக் கூடாது, மண்ணைக் குவித்து மூடவும் கூடாது. தண்டில் ஓட்டை விழுந்து மரத்தூள் கொட்டினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து, களிமண்ணால் அடைக்க வேண்டும்.

ஒட்டு வேலைக்கு நேரம் பிடிக்கும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதலில் வேர்ச்செடி, அதாவது குச்சியைத் தாங்கப் போகும் நாற்று, வேண்டும். நாட்டு மாங்கொட்டையை வைகாசி, ஆனியில் பழம் தின்ற கையோடு ஊன்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். மேல் ஓட்டைப் பிளந்து பருப்பை மட்டும் எடுத்துப் பையில் வைத்தால் தண்டு நேராக வரும். அந்த நாற்று பென்சில் கனத்துக்கு வந்ததும், அடுத்த வருஷம் ஆடி, ஆவணியில் காற்றில் ஈரம் இருக்கும்போது ஒட்டு கட்டலாம்.

குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. மூன்று நான்கு மாத வயதுள்ள, இதுவரை பூக்காத, வெயில் படும் வெளிக்கிளைக் குச்சியாக இருக்க வேண்டும். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே, காம்பை விட்டுவிட்டு இலைகளை மட்டும் கிள்ளிவிட வேண்டும். காம்புகள் தாமாக உதிரும். நுனி மொட்டு நெல்மணி போல உப்பி, விரியாமல் நிற்கும். அதுதான் பதம். மொட்டு விரிந்துவிட்டால் அந்தக் குச்சி ஆகாது. காலையில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே கட்டிவிடுங்கள். பூங்கொத்து கட்டிகட்டியாகத் திரண்டு காய் பிடிக்காத கிளையிலிருந்து குச்சியே எடுக்காதீர்கள்.

நாற்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி, நடுவில் 4 செ.மீ. பிளக்க வேண்டும். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் அதே நீளத்துக்கு ஆப்பு வடிவில் சீவ வேண்டும். சீவுவது ஒரே இழுப்பில் முடிய வேண்டும். சீவிச் சீவிச் சரிசெய்தால் வெட்டுப்பரப்பு மேடுபள்ளமாகி உள்ளே காற்று நிற்கும், ஒட்டாது. குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கத்துப் பட்டையோடு பட்டை சேரும்படி வையுங்கள். பட்டைக்கு அடியில் உள்ள பச்சைப் படலம்தான் சேர்ந்து வளரும். 2 செ.மீ. அகல பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் கவரைக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். துளிர் இலையாக விரிந்த பிறகு, ஒரு சாயங்கால நேரத்தில் கவரை எடுங்கள். ஆசைப்பட்டு முன்னாடியே எடுத்தால் கொழுந்து வாடிவிடும். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது மேலேறி, ஒட்டு செத்து, நாட்டு மரம்தான் மிஞ்சும். பல வீட்டில் "ஒட்டு மாறிப்போச்சு" என்பதன் காரணம் இதுதான்.

கிழட்டு மரத்தில் நல்ல குச்சியே கிடைக்காமல் போகும். அதற்கு ஒரு கிளையைக் கவாத்து செய்து, புதுத்தளிர் முற்றும்வரை பொறுக்க வேண்டும். இல்லையென்றால் பழைய முறையில் நெருக்கு ஒட்டு கட்டலாம். பரண் போட்டு நாற்றுத் தொட்டியை மரத்தின் கிளைக்குக் கொண்டுபோய், இரண்டிலும் 5 செ.மீ. பட்டையோடு சீவி, சேர்த்துக் கட்டுவது. தாயின் சாறு ஓடிக்கொண்டே இருப்பதால் குச்சி காயாது. சுமார் மூன்று மாதம் கழித்துத் தாயிலிருந்து அறுக்கலாம். பரண் மேல் இருக்கிற தொட்டிக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பட்ட பாடு வீண்.

ஒரு மரம்தான் வேண்டும் என்றாலும் பத்துச் செடி கட்டுங்கள். தாய் மரம் பச்சையாக இருக்கும்போதே கட்டுங்கள். நடும்போது ஒட்டு வாய், அதாவது குச்சியும் நாற்றும் சேர்ந்த இடம், மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். வேர் அழுகிச் செத்த மரத்தின் குழியிலேயே நட வேண்டாம். முதல் மூன்று வருஷம் வருகிற பூவைக் கிள்ளிவிடுங்கள். பிடித்த செடி எல்லாவற்றையும் ஒரே தோட்டத்தில் வைக்காமல், ஒன்றைப் பங்காளி நிலத்திலும் ஒன்றைப் பெண் கொடுத்த ஊரிலும் வையுங்கள். ஒரு கோடையில் இங்கே போர் வறண்டு மரம் போனாலும் அங்கே போய்க் குச்சி வெட்டி வரலாம்.