அவலாஞ்சிச் சரிவில் ஒரு பெட்டி: டிரைவர் உள்ளேயா, மாட்யூலா?

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மழைமானியின் கணக்கு வேண்டியது அப்படிப்பட்ட நாளில்தான். மண் சரிந்து சாலை அடைபட்டு, அந்தக் கணக்கைப் பதியும் சிறு கணினிப் பெட்டி இருக்கும் இடத்துக்கு ஆள் போக முடியாததும் அன்றுதான். அதனால் இப்படிப்பட்ட லினக்ஸ் பெட்டிக்குக் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) கட்டும்போது அளவு, வேகம் எல்லாம் அப்புறம். ஊட்டியில் இருந்தபடியே அதை எழுப்ப முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே கட்டினால் அது 'ஒய்'; தேவைப்படும்போது ஏற்றி இறக்கும் தனிக் கோப்பான மாட்யூலாக விட்டால் அது 'எம்'.

எஸ்டி கார்டு கன்ட்ரோலர், எம்எம்சி பிளாக் டிரைவர், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை மூன்றுக்கும் மெனுகான்ஃபிகில் (கெர்னலின் தேர்வுப் பட்டியல்) 'ஒய்' போடுங்கள். கணினியின் அடிப்படைக் கோப்புகள் உள்ள ரூட் பகுதியைத் திறக்கும் டிரைவர் அதே ரூட்டுக்குள் மாட்யூலாகக் கிடந்தால், சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்; கெர்னல் பேனிக்கில், அதாவது மீள முடியாத பிழையில், நின்றுவிடும். இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் திறக்கும் முன்பே நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) இருந்தால் மாட்யூலாகவும் விடலாம். ஆனால் கெர்னல் மாற்றும்போதெல்லாம் அதையும் மறக்காமல் கட்ட வேண்டும்.

வாட்ச்டாகும் 'ஒய்'. குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டாவிட்டால் பெட்டியை ரீசெட் செய்யும் கடிகாரம் அது. கெர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் அதை முன்பே ஓட்டிவிட்டிருந்தால், பயனர் நிரல் ஒன்று கையில் எடுக்கும்வரை கெர்னலே அதைத் தட்டிக்கொண்டிருக்கும். பூட் பாதியில் தொங்கினாலும் தட்டும்! பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அளபுருக்கள்) ஓபன்-டைம்அவுட் 120 வினாடி என்று கொடுத்தால்தான் அதற்குமேல் தட்டாமல் விட்டு ரீசெட் ஆகும்.

4ஜி டாங்கிள், மழைமானியின் யூஎஸ்பி-சீரியல் சிப் இரண்டுக்கும் 'எம்'. அடிக்கடி தொங்குபவை இவைதான்; மாட்யூலைக் கழற்றி மாட்டினால் பல சமயம் தெளிந்துவிடும். முதலில் அளவு பதியும் நிரலை நிறுத்துங்கள். போர்ட் திறந்திருந்தால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று மாட்யூலைக் கழற்றும் ஆர்எம்மாட் கட்டளை மறுத்துவிடும். டாங்கிள் வழியாகவே தொலைவிலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைந்திருந்தால், ஆர்எம்மாட், 5 வினாடி ஸ்லீப், மாட்புரோப் (மீண்டும் மாட்டும் கட்டளை) மூன்றையும் ஒரே ஸ்கிரிப்டில் போட்டு, தொடர்பு அறுந்தாலும் ஓடும்படி நோஹப்பில் ஓட்டுங்கள். தனித்தனியாக அடித்தால் முதல் கட்டளையோடு தொடர்பு அறுந்துவிடும். டாங்கிளின் உள்நிரலே உறைந்திருந்தால் இதெல்லாம் பலிக்காது, போர்ட்டின் மின்சாரத்தையே வெட்ட வேண்டும். மாட்யூலைக் கழற்றினால் மின்சாரம் நிற்பதில்லை.

வைஃபைக்கு 'ஒய்' போட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ரூட் மவுன்ட் ஆகும் முன்பே டிரைவர், வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். கிடைக்காமல் மைனஸ் 2 ('கோப்பு இல்லை') பிழையோடு நிற்கும். 'எம்' ஆக்குங்கள், இல்லையென்றால் அந்தக் கோப்பையும் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் தேர்வில் சேர்த்துக் கெர்னலுக்குள் கட்டுங்கள். உள்ளே கட்டிய டிரைவர், மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாடில் தெரியாது. மாட்யூல்களுக்கான மாட்புரோப்.டி கோப்பில் எழுதிய அளபுருக்களையும் அது பார்க்காது. பூட் வரியில்தான் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்து, புதிய கெர்னல் கோப்பை மட்டும் அனுப்பி ரீபூட் கொடுத்தால், பெட்டி எழும், ஆனால் பேசாது. புதிய பதிப்புக்குரிய மாட்யூல் அடைவு அங்கே இல்லை, ஆகவே டாங்கிளும் இல்லை. மாட்யூல்களை முதலில் ஏற்றுங்கள், அப்புறம் கெர்னல். பழைய கெர்னலையும் அதன் மாட்யூல்களையும் அழிக்காதீர்கள்.