110 கிலோவாட் மோட்டாரும் நான் போட்ட 159 ஆம்பியர் கணக்கும்

பெரிய மோட்டார் ஒன்றுக்கு முதல் தடவை கரண்ட் கணக்குப் போட்டபோது நான் எழுதிக் கொடுத்த எண் 159 ஆம்பியர். 110 கிலோவாட், மூன்று ஃபேஸ், 400 வோல்ட். 1,10,000-ஐ 400-ஆலும் 1.732-ஆலும் வகுத்தேன், வந்ததை எழுதினேன், அவ்வளவுதான். கேபிளையும் அதற்கேற்றபடி பார்த்து வைத்துவிட்டேன். கூட வேலை பார்த்த மூத்த எலக்ட்ரீஷியன் தாளை வாங்கிப் பார்த்தார், தப்பு என்றெல்லாம் சொல்லவில்லை, "நேம் பிளேட்டைப் போய்ப் பாத்துட்டு வா தம்பி" என்றார். மோட்டார் உடம்பில் இருக்கும் அந்த விவரத் தகட்டைப் போய்ப் பார்த்தால் 194 ஆம்பியர் என்று அடித்திருக்கிறது.

நடுவில் 35 ஆம்பியர் எங்கிருந்து வந்தது என்று அன்று சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். நேம் பிளேட்டில் இருக்கும் 110 கிலோவாட் என்பது மோட்டார் லைனில் இருந்து இழுக்கும் பவர் இல்லை, ஷாஃப்டில் அது வெளியே கொடுக்கும் பவர். இந்த மோட்டாரின் எஃபிஷியன்சி 95.4 சதவீதம், ஆக 110 கொடுக்க அது 115.3 கிலோவாட் வாங்கியாக வேண்டும். அடுத்தது பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் நிஜமாக வேலைக்குப் போகும் பங்கு, 0.86. அதையும் கீழே போட்டு வகுத்தால் 193.5 ஆம்பியர், பிளேட்டில் இருக்கும் எண்ணே வந்துவிட்டது. இதில் எஃபிஷியன்சியை மறந்தால் பிழை கொஞ்சம்தான், பவர் ஃபேக்டரை மறந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. பார்த்தால் 134 கேவிஏ (பவர் ஃபேக்டரைக் கணக்கில் எடுக்காத மொத்தப் பெருக்கல்) லோடு, நான் 110 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரைத்திறனில் ரேட்டிங் போட்ட பழைய மோட்டார் கையில் வந்தால் இன்னொரு சின்னக் குழப்பம் உண்டு. ஒரு எச்.பி. என்பது 746 வாட் என்று எல்லோரும் படித்திருப்போம், மெட்ரிக் எச்.பி. என்று ஒன்று 735.5 வாட்டில் இருக்கிறது. 150 எச்.பி. முதல் கணக்கில் 111.9 கிலோவாட், இரண்டாவதில் 110.3. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் எண் ஒத்துவரவில்லையே என்று அரை மணி நேரம் போகும்.

சரி, 110 கிலோவாட் மோட்டார்தான் வேண்டும் என்பது எப்படி முடிவானது? அது பம்ப் பக்கத்துக் கணக்கு. மணிக்கு 360 கன மீட்டர் தண்ணீர், 80 மீட்டர் ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரக் கணக்கு. நொடிக்கு 0.1 கன மீட்டர், அதை 9.81-ஆலும் 80-ஆலும் பெருக்கினால் 78.5 கிலோவாட். பம்பின் எஃபிஷியன்சி 78 சதவீதம் என்பதால் ஷாஃப்டில் 100.6 தேவை. அதற்கு மேலே கிடைக்கிற சைஸ் 110.

ஸ்டார்ட்டிங் கரண்ட் அடுத்த தலைவலி. நேரடியாகப் போட்டால் ஆறேழு மடங்கு, அதாவது 1,200-இல் இருந்து 1,350 ஆம்பியர் வரை. அதனால் ஸ்டார் டெல்டா வைத்தோம்: வைண்டிங்கை முதலில் ஸ்டாராக இணைத்துக் கிளப்பி, வேகம் வந்ததும் டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்ட்டர். ஸ்டாரில் லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஆனால் டார்க்கும், அதாவது சுழற்றும் விசையும், அதே மூன்றில் ஒரு பங்குதான். டெலிவரி வால்வை மூடி ஸ்டார்ட் செய்யும் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு அது போதும். லோடோடு கிளம்ப வேண்டிய கன்வேயர், கிரஷர் மாதிரி எதற்காவது இதே யோசனையைச் செய்தால் மோட்டார் ஸ்டாரிலேயே முனகிக்கொண்டு நிற்கும்.

என் அடுத்த தப்பும் இங்கேதான். கரண்ட் அளவைத் தாண்டி ஓடினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஓவர்லோட் ரிலேயை 194-இல் செட் செய்தேன், பிளேட்டில் அப்படித்தானே இருக்கிறது என்று. முதல் ஓட்டத்தில் பைப்லைன் இன்னும் நிரம்பவில்லை, வால்வை முழுசாகத் திறந்துவிட்டார்கள், எதிரே ஹெட் இல்லாததால் பம்ப் டிசைனைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளியது. லைனில் டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்ட் பார்க்கும் மீட்டர்) போட்டால் 210 ஆம்பியர். இருபது நிமிடம் ஓடியும் ரிலே அசையவே இல்லை. ரிலேதான் பழுது என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் பேனலைத் திறந்து வயரை விரலால் பின்தொடர்ந்து காட்டினார்: ரிலே மெயின் கான்டாக்டருக்கு (சப்ளையைச் சேர்க்கும் சுவிட்ச்) கீழே, மோட்டாருக்குப் போகும் ஆறு வயரில் மூன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டெல்டாவில் அந்த வயரில் ஓடுவது ஃபேஸ் கரண்ட், அதாவது ஒரு வைண்டிங்கில் மட்டும் ஓடுவது, லைன் கரண்டில் 0.58 பங்கு. 210 ஓடும்போது ரிலே பார்த்தது வெறும் 121. அது எப்படி ட்ரிப் ஆகும்? 112-இல் செட் செய்தோம், வால்வையும் பாதிக்குக் குறைக்கச் சொன்னோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அதே ரகத்தில் வேறு ஒரு மோட்டார் 97 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. 194-இல் பாதி, ஆகவே பாதி லோடு, 55 கிலோவாட் என்று ஒருவர் ரிப்போர்ட் எழுதிவிட்டார். லோடே இல்லாமல் சும்மா சுற்றும்போதும் இவ்வளவு பெரிய மோட்டார் ஃபுல் லோடு கரண்டில் ஏறத்தாழ 30 சதவீதம் இழுக்கும், அதில் பெரும்பகுதி காந்தப் புலத்துக்குப் போகிற கரண்ட், வேலை செய்யாது. லோடு குறையக் குறைய பவர் ஃபேக்டரும் கீழே போகும். பவர் மீட்டர் வைத்துப் பார்த்தோம், பவர் ஃபேக்டர் 0.74, உள்ளே போவது சுமார் 50 கிலோவாட், ஷாஃப்டில் 47-ஐ ஒட்டி. டாங் டெஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு லோடு சொல்வதை அன்றோடு விட்டேன்.

நம்ம பம்புக்கு வருவோம். பைப்லைன் நிரம்பி, வால்வு திறந்து, பிரஷர் நிலைக்கு வந்ததும் என்ன கரண்ட் வரும் என்று இந்தத் தடவை முன்கூட்டியே எழுதி வைத்தேன். 100.6 கிலோவாட் ஷாஃப்டில், எஃபிஷியன்சியும் பவர் ஃபேக்டரும் ஏறக்குறைய அதேதான், 178 ஆம்பியர். டாங் டெஸ்டரில் வந்தது 181. மூத்தவர் தாளைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், "வோல்டேஜ் எவ்ளோ?" என்றார். 393 இருந்தது, நான் கணக்கில் போட்டது 400; வோல்டேஜ் குறைந்தால் அதே பவருக்குக் கரண்ட் கூடும்.