ரீட் மோருக்கு கீழ போன வரி

"நான் இன்னா பொய்யா எழுத சொன்னேன்? அதே வரிய கொஞ்சம் கீழ எறக்கி வையின்னு தானம்மா சொல்றேன்."

ஆரணி பட்டு சேலைக்கு நான் எழுதிக் குடுத்த விளம்பரத்த படிச்சிட்டு கடைக்கார அண்ணன் சொன்னது இது. ஆடி மாசம் நடந்தது. தீபாவளி சரக்கே வந்துடுச்சு, எனக்கு இன்னும் அது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

அந்த வரி இவ்ளோதான்: "பட்டு சுத்தப் பட்டு. ஜரிகை டெஸ்டட் ஜரிகை, அசல் வெள்ளி ஜரிகை இல்ல." டெஸ்டட்னா சோதிச்சதுன்னு அர்த்தம் இல்ல, செம்புக் கம்பிக்கு மேல முலாம் பூசின ஜரிகைக்கு கடைக்காரங்க வச்ச பேரு. விலைக்கு அடுத்த வரியா அத வச்சிருந்தேன். ஏன் அங்கன்னா, வாட்ஸ்அப்ல நீளமா போட்டா பாதியில நிறுத்தி 'ரீட் மோர்'னு காட்டும், இன்ஸ்டாகிராம்ல அதவிட மோசம், மொத வரி ரெண்டு வரியோட 'மோர்' வந்துடும். ஆன்லைன்ல விக்க எழுதுறவங்களுக்கு இதுதான் முழு வேலையே. மேல இருக்கிற அந்த ரெண்டு வரியில யாருக்கு, எதுக்கு, எவ்ளோன்னு சொல்லி நிறுத்தணும், மிச்சம் எவ்ளோ நல்லா எழுதினாலும் அதத் தொட்டுப் பாக்குறவங்க கம்மி. அதனால 'கீழ எறக்கு'ன்னு அவர் சொன்னதோட அர்த்தம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் ஏமாத்துற ஆளு இல்ல, அத நான் சொல்லியே ஆகணும். எனக்கு ஜரிகைய பத்தி சொல்லிக் குடுத்ததே அவர்தான். முந்தி ஓரத்துல தொங்கிக்கினு இருந்த ஒரு இழைய பிச்சி, கடை வாசப்படி கல்லுல தேச்சார், மேல இருந்த மஞ்சள் போயி செவப்பா செம்பு தெரிஞ்சுது. "பாத்தியா, செம்புக்கு மேல முலாம். அசல் ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி தங்க முலாம் போட்டிருப்பாங்க, அந்த வெலைக்கு நம்ம கஸ்டமர் எங்க போவாங்க"ன்னார். இவ்ளோ வெளிப்படையா பேசுறவரு விளம்பரத்துல மட்டும் அத ஒளிக்க சொல்றாரேன்னு தான் எனக்கு மொதல்ல கோவம் வந்துச்சு.

நான் சொன்னது இது. அண்ணா, வேலூர்ல கடைக்கு வர்றவங்க சேலைய பிரிச்சு, புரட்டி, பின்பக்கம் பாத்து, கையில வச்சு கனம் பாத்து, அப்பறம் கூட வந்த அத்தை சித்திகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வாங்குறாங்க. நீங்க சொல்லலன்னாலும் அவங்க கை சொல்லிடும். கோயம்புத்தூர்ல இருந்து போட்டோ பாத்து வாங்குறவங்களுக்கு கை எங்க இருக்கு, நம்ம எழுதுறது தான் அவங்களுக்கு கை. அதுலயும் போட்டோவுல சில்க் மார்க் லேபிள் பளிச்சுன்னு தெரியுது. சில்க் மார்க் 2004ல இருந்து இருக்கு, அது பட்டு அசலான்னு மட்டும் தான் சொல்லும், ஜரிகைய பத்தி அது ஒண்ணும் சொல்லாது. ஆனா லேபிள பாக்குறவங்க சேலை மொத்தமும் அசல்னு தான எடுத்துப்பாங்க?

சட்டத்தையும் சொன்னேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, முக்கியமான தகவல வேணும்னே மறைச்சாலும் அது தவறா வழிநடத்துற விளம்பரம் தான், 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். "மறைக்கல மா, கீழ இருக்குது. படிக்கலன்னா அது அவங்க பாடு"ன்னார். இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இருந்துச்சு, ஆனா அந்த நேரம் வாயில வரல. சின்ன எழுத்து டிஸ்கிளைமர்ல முக்கியமான விஷயத்த ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு விளம்பரங்களுக்குன்னு 2022ல வந்த அரசு வழிகாட்டுதல்லயே இருக்கு. சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு தெரியல, ஏன்னா அவர் அடுத்து சொன்னது வேற.

"எல்லாரும் வெறும் 'ப்யூர் சில்க் ஆரணி'ன்னு போடுறான். நான் மட்டும் ரெண்டாவது வரியில 'இல்ல'ன்னு ஆரம்பிச்சா அவங்ககிட்ட தான் போவாங்க. ஆவணி முகூர்த்தத்துக்குள்ள இது ஓடலன்னா தறிக்காரருக்கு நான் எத காட்டி கூலி குடுப்பேன், நீயே சொல்லு."

கீழ எறக்கிட்டேன். நீளம், பிளவுஸ் துணி, டிரை வாஷ், அதுக்கு அப்பறம் ஜரிகை. "இன்னைக்கு நைட் வரைக்கும் தான் இந்த வெல"ன்னு ஒரு வரி கேட்டார், அத மட்டும் எழுத மாட்டேன்னுட்டேன், பொய்யா அவசரப்படுத்துறத 2023லயே தடை பண்ணிட்டாங்கன்னு சொன்னேன், அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல. சரி, ஒண்ணு விட்டு ஒண்ணு பிடிச்சோம்னு வீட்டுக்கு வந்து மனச தேத்திக்கிட்டேன். ஆனா ரெண்டும் ஒரே எடை இல்லன்னு இப்ப தோணுது. அவசரம் காட்டுனா ஒரு நாள் சீக்கிரம் வாங்குவாங்க, ஜரிகை தெரியாம வாங்கினா பொண்ணு கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சு, பல வருஷம் கழிச்சு கறுத்துப் போனப்ப தான் தெரியும்.

சேலை எல்லாம் ஆவணிக்குள்ள போயிடுச்சு. ஒரு புகார் கூட வரல. வந்திருந்தா நான் சொன்னது சரின்னு ஆகியிருக்கும், அந்த மாதிரி நெனைக்கிறதே எனக்குப் பிடிக்கல. நடுவுல ஓசூர்ல இருந்து ஒரு அம்மா மட்டும் ஜரிகை அசலான்னு கேட்டாங்க. அண்ணன் ஒளிக்கல, டெஸ்டட் தான்னு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னாரு, வெலைய பாத்து அதான் நெனச்சேன்னு சொல்லிட்டு அவங்க வாங்கவும் செஞ்சாங்க. அந்த ஸ்கிரீன்ஷாட்ட எனக்கு அனுப்பி "கேட்டா சொல்றேன்ல"ன்னாரு. நான் அதையே திருப்பிப் போட்டு, "தெரிஞ்சும் வாங்குறாங்க பாருங்க அண்ணா, அப்ப மேல வைக்க என்ன பயம்"னு கேட்டேன். கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு பதில் கெடைச்சுடுது, கேக்கணும்னே தெரியாதவங்களுக்காக தான நான் எழுதறேன்.

தீபாவளி சரக்கோட போட்டோ அனுப்பியிருக்கார். இந்த தடவ "அசல் ஜரிகை வெலையில பாதி கூட இல்ல, காரணம் இது டெஸ்டட் ஜரிகை"ன்னு மொத வரியிலயே, வெலைக்கான காரணமாவே எழுதி அனுப்பியிருக்கேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் வரல. கீழ எறக்க சொன்னா என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல, தறிக்காரர் கூலிக்கு இப்பவும் என்கிட்ட பதில் இல்ல.